ஓடத் தெரிந்த பிள்ளை ஏன் பந்துக்குப் பிந்துகிறது?

யாழ்ப்பாணத்தில் சிறுவர்களுக்கு டெனிஸ் பழக்கும் ஒருவரிடம் பெற்றோரும் மாணவர்களும் ஆசிரியர்களும் கால் அசைவு பற்றிக் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும்.

என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் அவன்தான் முதல். டெனிஸில் மட்டும் எந்தப் பந்துக்கும் பிந்துகிறான். ஏன்? (கொக்குவிலிலிருந்து ஒரு தாய்)

அக்கா, அவன் ஓட்டத்தில் பிந்தவில்லை, புறப்படுவதில் பிந்துகிறான். அடுத்த முறை பந்தை விட்டுவிட்டு அவன் கால்களை மட்டும் பாருங்கள். எதிரே நிற்பவர் அடிக்கும்போது இவன் குதிக்கால் நிலத்தில் ஊன்றியிருக்கும், முழங்கால் நேராக இருக்கும். பந்து வலையைத் தாண்டிய பிறகுதான் முதல் அடி எடுத்து வைப்பான். ஓட்டப் போட்டியில் எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்கூட்டியே தெரியும், விசிலும் ஊதுவார்கள். இங்கே இரண்டும் கிடையாது.

இதற்குத்தான் ஸ்பிளிட் ஸ்டெப். எதிராளி அடிக்கிற நேரத்தில் ஒரு சின்னத் துள்ளல், இரண்டு விரல் உயரம் போதும். கால்கள் தோளகலத்தைவிடச் சற்று அகன்று, முழங்கால் மடிந்து, முன்பாதத்தில் இறங்க வேண்டும். எதிராளியின் றக்கெட் பந்தில் படும்போது பிள்ளை மேலே, திசை தெரியும்போது கீழே. அப்படி இறங்கும் காலிலேயே முதல் அடிக்கான உந்தலும் இருக்கும்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதை விளக்கிப் பயனில்லை. எதிராளி அடிக்கும்போது ‘ஹொப்’ என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே துள்ளச் சொல்லுங்கள். சத்தம் பிந்தினால் காலும் பிந்துகிறது. வெளியே கதிரையில் இருந்தபடியே உங்களுக்குக் கேட்கும்.

நிலத்தில் விரிக்கிற பயிற்சி ஏணி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மகள் அதில் பறக்கிறாள். விளையாட்டில் ஒரு மாற்றமும் இல்லையே? (சாவகச்சேரியிலிருந்து ஒரு தந்தை)

ஏணியை எறிய வேண்டாம், உடம்பைச் சூடாக்க உதவும். ஆனால் ஏணியில் பிள்ளை நிலத்தைப் பார்க்கிறது, அடுத்த அடி எங்கே என்று மனப்பாடமாகத் தெரியும். டெனிஸில் கண் பந்தில் இருக்கும், காலுக்கு எதுவும் முன்கூட்டித் தெரியாது. என்னைக் கேட்டால், பிள்ளைகளின் கால் அசைவில் பாதிக்கு மேல் கண்ணின் வேலைதான்.

இரண்டு பந்துகளை எடுத்து, ஒவ்வொரு கையிலும் ஒன்றாகத் தோளுயரத்தில் அகலப் பிடியுங்கள். மகள் மூன்று மீற்றர் தள்ளி நிற்கட்டும். சொல்லாமல் ஏதாவது ஒரு பந்தை விடுங்கள். அது இரண்டாம் தடவை நிலத்தில் படுவதற்குள் அவள் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் அரை அடி பின்னுக்குப் போகட்டும். நீங்கள் பந்தை விடும் நேரத்தில் துள்ளாவிட்டால் எட்டாது என்று அவளே கண்டுபிடிப்பாள். வீட்டு முற்றமே காணும்.

இன்னொன்று, கிளித்தட்டு. சிரிக்காதீர்கள். தட்டு மறிக்கிறவர் கோட்டைவிட்டு விலகாமல், எதிரே நிற்பவரின் முகத்தையும் இடுப்பையும் பார்த்தபடி பக்கவாட்டில் நகர வேண்டும். அவர் ஏமாற்றினாலும் கால் பின்னக்கூடாது. ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனில் பிள்ளை செய்ய வேண்டியதும் இதேதான். பயிற்சி தொடங்கும்போது பத்து நிமிடம் விளையாட விடுவேன்.

எதைச் செய்தாலும் பத்து விநாடி முழு வேகம், பிறகு இருபத்தைந்து விநாடி ஓய்வு. ஆட்டத்திலும் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 25 விநாடி வரை உண்டு. களைத்த காலுடன் திரும்பத் திரும்பச் செய்தால் சோம்பல் நடைதான் பழகும்.

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நடுவுக்கு ஓடி வருகிறேன். அப்படியும் எனக்கு எட்டாத பக்கமாக அடித்துவிடுகிறார்கள். (பருத்தித்துறையிலிருந்து 13 வயது மாணவி)

தங்கச்சி, நீங்கள் வர வேண்டியது ஆடுகளத்தின் நடுவுக்கு அல்ல, எதிராளி அடிக்கக்கூடிய இரண்டு ஓரங்களுக்கும் நடுவுக்கு. மூலைவிட்டமாக அடித்தால், பேஸ்லைனின் நடுவிலுள்ள நடுக்குறிக்கு ஓரிரு அடி முன்பே, நீங்கள் அடித்த பக்கத்திலேயே நின்றுவிடலாம். நேராக அடித்தால் நடுக்குறியைத் தாண்டி மற்றப் பக்கம் போக வேண்டும். ஒற்றையர் ஆடுகளத்தின் அகலம் 8.23 மீற்றர். ஒரு மூலையில் நெருக்கடியில் நின்றபடி நேராக அடிப்பது உங்களுக்கு நீங்களே ஓட்டம் வாங்குவதுதான்.

அப்புறம், போய்ச் சேரும் முன் எதிராளி அடிக்கத் தொடங்கினால் எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே துள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பந்து எதிர்ப்பக்கம் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

பள்ளியில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பந்தின் பின்னாலேயே ஓடுகிறார்கள். அடிக்கிற கட்டமே வருவதில்லை. (மானிப்பாயிலிருந்து ஓர் ஆசிரியர்)

சேர், மஞ்சள் பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். அது அவர்களின் தலைக்கு மேலே எழும்பும், பிள்ளை பின்னுக்கு ஓடுவதைத் தவிர வேறென்ன செய்யும்? சிறுவர்களுக்கான சிவப்புப் பந்து அதைவிட 75 வீதம் மெதுவானது. முழு ஆடுகளத்தின் நீளம் 23.77 மீற்றர், இவர்களுக்கு 11 மீற்றர் போதும். வெண்கட்டியால் கோடு போட்டு, 80 சென்ரிமீற்றர் உயரத்தில் கயிறு கட்டினால் ஆடுகளம் தயார். பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழமையான மஞ்சள் பந்தைச் சர்வதேச டெனிஸ் சம்மேளனம் 2012 முதல் அனுமதிப்பதில்லை.

முதலில் சில நாட்கள் றக்கெட் இல்லாமலே விளையாடட்டும். பந்து ஒரு தடவை குத்தி எழும்ப, இடுப்பு உயரத்தில், உடம்புக்கு முன்னால் இரு கையாலும் பிடிக்க வேண்டும். வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் கிட்டப் போய்விட்டார், எட்டி வளைந்து பிடித்தால் தூரத்தில் நிற்கிறார். பந்தை அடிக்குமுன் எடுத்து வைக்கும் சின்னச் சின்ன அடிகள் இதில்தான் வரும்.

தலைக்கு மேலே போகிற பந்துக்குப் பின்னோக்கி ஓடி மகன் விழுந்துவிட்டான். (நல்லூரிலிருந்து ஒரு தந்தை)

முகம் வலையைப் பார்த்தபடி பின்னுக்கு ஓடவே கூடாது. முதலில் தோளைத் திருப்பி, பக்கவாட்டில் கால் மாற்றி மாற்றி ஓட வேண்டும். இதில் மட்டும் நான் கடுமை.

சாதாரண ஓட்டச் சப்பாத்து போதுமா? (சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்)

தொடக்கத்துக்குச் சமாளிக்கலாம். ஆனால் அதன் குதிப்பகுதி உயரமானது, முன்னோக்கி ஓடுவதற்குச் செய்தது. பக்கவாட்டில் சட்டென்று நின்றால் கணுக்கால் பிரளும். கிழமைக்கு மூன்று நாள் விளையாடத் தொடங்கினால் அடி தட்டையான டெனிஸ் சப்பாத்து வாங்குங்கள். வளரும் கால்தானே என்று ஒரு அளவு பெரிதாக மட்டும் வாங்காதீர்கள், உள்ளே கால் வழுக்கும். மாரியில் சீமெந்துத் தளத்தில் பாசி பிடித்திருந்தால் எந்தச் சப்பாத்தும் உதவாது. அன்றைக்குப் பந்து பிடிக்கிற பயிற்சியை வீட்டு விறாந்தையில் வைத்துக்கொள்ளுங்கள்.