சரிவான வளவில் தோட்டம்: சுவருக்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. பின்வளவு 9 மீற்றர் அகலம், 12 மீற்றர் நீளம். வீட்டடியிலிருந்து கீழ்மதில் வரை 4 மீற்றர் இறக்கம். ஒவ்வொரு மாரிக்கும் மண் அரித்துக்கொண்டுபோய் மதிலடியில் குவிகிறது. கீழே உயரமாக ஒரு சுவர் எழுப்பி, மண் நிரப்பித் தட்டையாக்கலாம் என்கிறார் மேசன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் மண்ணின் தள்ளுவிசை நான்கு மடங்காகும்; மண் நனைந்தால் இன்னும் கூடும். 4 மீற்றர் சுவர் என்பது பொறியியலாளர் கணக்குப் போட்டுக் கட்டவேண்டிய கொங்கிரீட் வேலை. உங்களுக்கு அது தேவையுமில்லை.

முதலில் கூரைத் தண்ணீர். 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10,000 லீற்றர். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வாடைமாரியில் அது ஒரே நாளில் பெய்யக்கூடியதுதான். இவ்வளவும் பீலியால் சரிவின் தலையில் கொட்டினால் எந்தச் சுவரும் தாங்காது. பீலியை 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் இணைத்து, மூடிய குழாயாகவே தெருக்கானுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த வளவுக்குள் விடக்கூடாது. மேட்டில் ஊறுகுழி வெட்டும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். அந்தத் தண்ணீர் மண்ணுக்குள்ளால் இறங்கி, சுவர்களின் முதுகில்தான் போய் நிற்கும்.

அடுத்தது நிலம். வீட்டை ஒட்டிய 5 மீற்றரை வெட்டாதீர்கள், அத்திவாரம் இளகும். அங்கே குறுக்காக இரண்டு வரிசை வெட்டிவேர் போதும்: நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 செ.மீ., ஒரு குழிக்கு இரண்டு மூன்று சிம்பு. இடைவெளி விட்டு நட்டால் தண்ணீர் அந்த ஓட்டையையே வாய்க்காலாக்கும். மர நிழலில் வெட்டிவேர் அடர்ந்து வராது.

மீதி 7 மீற்றரில் 75 செ.மீ. உயரமான மூன்று கருங்கற் சுவர்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் மண் நிரப்பிய ஒரு தட்டு. சீமெந்து வேண்டாம், கல் அடுக்குச் சுவர் தண்ணீரைத் தானே கசியவிடும். மதிலடியில் 1 மீற்றரை வெறுமையாக விட்டுக் கான் வையுங்கள். எல்லை மதில் மண்ணைத் தாங்குவதற்குக் கட்டியதல்ல. அதுவும் சுவர்களின் 40 செ.மீ. தடிப்பும் போக ஒவ்வொரு தட்டுக்கும் 1.6 மீற்றர் அகலம் கிடைக்கும். ஒரு பாத்திக்கும் நடைபாதைக்கும் அது தாராளம்.

வேலையைக் கீழ்ச்சுவரிலிருந்து தொடங்குங்கள். மேல்மண் 15 செ.மீ.யை வழித்துத் தனியே குவித்து வையுங்கள், பாத்திக்கு அதுதான் உயிர். அத்திவாரம் 25 செ.மீ. ஆழம், 40 செ.மீ. அகலம், பெரிய கற்கள் அடியில். சுவர் மேலே போகப்போக மொத்தம் 12 செ.மீ. மேட்டுப்பக்கம் சாயவேண்டும். ஒவ்வொரு மீற்றருக்கும் முன்முகத்திலிருந்து பின்முகம் வரை நீளும் கல் ஒன்றாவது இருக்கட்டும். முகத்துக்கு மட்டும் அழகாக அடுக்கி, உள்ளே பொடிக்கல் கொட்டிய சுவர்தான் வயிறு தள்ளும். பின்னால் 30 செ.மீ. சல்லி, சல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணை மறிக்கும் துணி). மூன்று சுவருக்குமாகக் கல் ஏறத்தாழ 4 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), சல்லி 2 கியூப் பிடிக்கும். நிரப்பும் மண்ணை 15 செ.மீ. படைபடையாக, இலேசாக நனைத்து இடியுங்கள். தட்டுக்குப் பக்கவாட்டில் 100க்கு 1 வாட்டம் வையுங்கள்.

படிக்கட்டு கணக்காகவே அமைகிறது: 16 செ.மீ. உயரம், 48 செ.மீ. மிதிப்பு, 25 படிகள். அதன் ஓரமாகவே தட்டுகளின் கானை இறக்குங்கள். கான் இல்லாவிட்டால் படிதான் கானாகும்.

தட்டுகளில் தேசி, மாதுளை, கறிவேப்பிலை நல்லது. அடித்தட்டில் ஈரம் நிற்கும், வாழை வைக்கலாம். சுவர் விளிம்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி நடுங்கள். மா, பலா, தென்னை இந்தத் தட்டுகளுக்கு ஆகாது. கச்சான் காற்றுக் காலத்தில் பாத்தியைத் தும்பாலோ காய்ந்த ஓலையாலோ மூடாவிட்டால் காலையில் விட்ட தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

சுவர் வேலை செப்டெம்பருக்குள் முடியட்டும், வெட்டிவேரை முதல் மழையோடு நடுங்கள். அந்த மாரியில் கல்லிடுக்குகளைப் போய்ப் பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தால் சரி. விடாமல் கலங்கல் வந்தால் துணி கிழிந்து மண் வெளியேறுகிறது. மழை விட்டதும் அந்த இடத்தை மட்டும் பிரித்துத் துணியை மாற்றி, சல்லி போட்டு அடுக்குங்கள்.