வாசகர் கேள்வி - பதில்: வட்டப் பவுண்ஸ் குத்தி இனிச் செல்லுமா?

கேள்வி: லண்டனிலிருந்து வந்த அண்ணா விட்டுப்போன சில்லறையில் ஒரு பவுண்ஸ் குத்திகள் இருக்கின்றன. சில வட்டம், சில மூலை வைத்தவை. இங்கே மாற்றலாமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: திருகோணமலையில் அதற்காக அலைய வேண்டாம். காசு மாற்றுமிடங்களில் வெளிநாட்டுத் தாளைத்தான் எடுப்பார்கள். முதலில் இரண்டையும் வேறாக்குங்கள். 12 பக்கமுள்ளது, வெளிவளையம் மஞ்சள், நடு வெள்ளி நிறம் என்றால் அது இன்றும் செல்லும். அண்ணா அடுத்த முறை வரும்போது கொடுத்தால் அப்படியே கடையில் செலவழிப்பார்.

வட்டக்குத்தி 2017 ஒக்ரோபர் 15உடன் கடைகளில் செல்லாமல் போனது. ஆனாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். பிரித்தானிய வங்கிகள் பல, தங்கள் வாடிக்கையாளர் கணக்கில் வைப்பிலிட அதை ஏற்றுவந்திருக்கின்றன. ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த வங்கியின் விருப்பம். அதனால் அண்ணா தன் வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். இங்கிலாந்து வங்கி பழைய தாள்களை எப்போதும் மாற்றிக் கொடுக்கும் என்பதை நம்பிக் குத்தியையும் அங்கே கொண்டுபோகிறவர்கள் உண்டு. அந்த வசதி தாளுக்கு மட்டுமே.

கேள்வி: நன்றாக இருந்த குத்தியை ஏன் மாற்றினார்கள்?
- வாசகர், கிண்ணியா

பதில்: கள்ளக்காசு. வட்டக்குத்தி 1983இல் வந்தது. 2014இல் எடுத்த கணக்கின்படி புழக்கத்திலிருந்த வட்டக்குத்திகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 போலி. ஒரே உலோகம், எளிய வட்டம் என்பதால் வார்ப்பது கஷ்டமாக இருக்கவில்லை. போதாக்குறைக்குப் பின்பக்கப் படம் அடிக்கடி மாறியதால், எந்த ஆண்டுக்கு எந்தப் படம் என்று மக்களுக்கு நினைவில் நிற்கவில்லை. போலியில் பெரும்பாலும் ஆண்டும் படமும் பொருந்தாது, விளிம்பெழுத்து மங்கியிருக்கும். தலைப்பக்கத்தை நிமிர்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கமும் நிமிர்ந்து நிற்க வேண்டும். போலியில் சரிந்து நிற்கும்.

2017 மார்ச் 28இல் வந்த புதியதில் இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். இரண்டு உலோகம். விளிம்பில் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வரித்தடம். அரசியின் தலைக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால் பவுண்ஸ் குறி 1 ஆக மாறும். விளிம்பின் உட்புறத்தில் கண்ணாடி வைத்தால்தான் தெரியும் நுண்ணெழுத்து: தலைப்பக்கம் பெறுமதி, மறுபக்கம் ஆண்டு. பின்பக்கப் படத்தை வரைந்தவர் அப்போது 15 வயதான டேவிட் பியர்ஸ், போட்டியில் தெரிவானது.

கைக்கும் வித்தியாசம் தெரியும். பழையது 22.5 மில்லிமீற்றர் அகலம், 3.15 தடிப்பு, 9.5 கிராம். புதியது 23.43, 2.8, 8.75 கிராம். கொஞ்சம் அகலம், கொஞ்சம் மெல்லிசு, பாரமும் குறைவு.

மூலை வைத்ததால் ஒரு சிக்கலும் வந்தது. காசு போடும் இயந்திரம் அகலத்தையும் அளந்து பார்க்கும். ஏழு பக்க 50 பென்ஸ் எப்படி உருண்டாலும் ஒரே அகலம் காட்டும். 12 பக்கம் அப்படியில்லை. மூலைக்கு மூலை 23.43 என்றால் பக்கத்துக்குப் பக்கம் 23.03. மூலைகளை மழுக்கித்தான் இந்த 0.4க்குள் கொண்டுவந்தார்கள். அப்படியும் வாகனத் தரிப்பிட இயந்திரம், பேரங்காடித் தள்ளுவண்டிப் பூட்டு எல்லாவற்றையும் திருத்தியமைக்க வேண்டியிருந்தது. இரண்டு குத்திகளும் ஆறரை மாதம் சேர்ந்து புழங்கியபடியால், இரண்டையும் எடுக்கும்படி அமைத்துப் பிறகு பழையதை நீக்கியவர்களும் உண்டு.

கேள்வி: 2017இல் வந்ததென்றால் என்னிடமுள்ள 12 பக்கக் குத்தியில் 2016 என்று இருக்கிறதே, போலியா?
- வாசகர், நிலாவெளி

பதில்: இல்லை. வெளியிடுவதற்கு முன்னரே 2016இல் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து மறுபக்க நுண்ணெழுத்தைப் பாருங்கள். தலைப்பக்கம் 2016, நுண்ணெழுத்தில் 2017 என்றிருந்தால், அச்சு மாறி அடிபட்ட அருமையான குத்தி. செலவழிக்காமல் தனியே வையுங்கள்.

கேள்வி: நம்முடைய மஞ்சள் ஐந்து ரூபாயும் அப்படிச் செல்லாமல் போகுமா?
- வாசகி, மூதூர்

பதில்: செல்லும். 2017இல் மத்திய வங்கி 1, 2, 5, 10 ரூபாய்களைத் துருப்பிடிக்காத உருக்கில் வெளியிட்டபோது பழையவற்றைத் திரும்பப் பெறவில்லை. மஞ்சளிலேயே இரண்டு வகை உண்டு. காந்தத்தில் ஒட்டினால் 2005இலிருந்து வந்த, பித்தளை முலாம் பூசிய உருக்கு. ஒட்டாவிட்டால் அதற்கு முந்திய பாரமான குத்தி. கடைக்காரர் இரண்டையும் ஐந்து ரூபாயாகவே எடுக்க வேண்டும்.