உறுமும் நாயை அடிக்காதீர்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் நோயைப் பற்றிய கேள்விகள் குறைவு. பயந்த நாய், உதைக்கும் பசு, கூப்பிட்டால் வராத குட்டி என்று, பிராணிக்கும் மனிதருக்கும் இடையில் அறுந்துபோன ஒன்றைப் பற்றியே பலரும் எழுதியிருக்கிறீர்கள். மிருக வைத்தியர் காரியாலயத்தில் 27 ஆண்டுகள் கள உத்தியோகத்தராக இருந்து மலைமலையாக ஏறி இறங்கியவள் நான். ஊசி மருந்தை விட இந்தக் கேள்விகளுக்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

*

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் பஸ் நிலையத்தில் கிடந்த பெண் நாயை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். ஒரு வயதிருக்கும். கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. நாங்கள் அறையை விட்டுப் போன பிறகுதான் சாப்பிடும். கையைத் தூக்கினால் உறுமுகிறது. ‘இரண்டு அடி போட்டால் அடங்கிவிடும்’ என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை.
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: அந்த மனத்தை விட்டுவிடாதீர்கள், மகள். உறுமல் நாயின் வாய்ச்சொல். ‘பயமாக இருக்கிறது, இதற்கு மேல் கிட்ட வராதே’ என்று கடிப்பதற்கு முன்னால் அது நமக்குத் தரும் தவணை. அதற்கு அடித்தால் பயம் அப்படியே இருக்கும், சொல்வது மட்டும் நின்றுபோகும். ‘சத்தமே போடாமல் திடீரென்று கடித்துவிட்டது’ என்று என்னிடம் முறையிட்ட வீடுகளில் உட்கார்ந்து பேசிப் பார்த்தால், அந்த நாய் முன்பு உறுமியதற்கெல்லாம் உதை வாங்கிய கதை பெரும்பாலும் வெளியே வந்துவிடும். உங்கள் நாய் தூக்கிய கையைப் பார்த்து உறுமுகிறது என்றால், தூக்கிய கையிலிருந்து அதன் மேல் என்ன வந்து விழுந்திருக்கும் என்பதைக் கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் அதனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் அந்த அறையின் மறு மூலையில், தரையில், அதற்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். கண்ணைப் பார்க்க வேண்டாம், பெயர் சொல்லி அழைக்க வேண்டாம். கீரை ஆய்ந்துகொண்டிருங்கள். அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகத்தில் பாதியளவாக நறுக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நெத்தலிக் கருவாடுதான் இருக்கிறதென்றால் உப்புப் போக நன்றாக ஊறவைத்துக் கழுவிக் கொடுக்கலாம். வெங்காயம் சேர்ந்த கறியோ, சொக்லட்டோ, திராட்சையோ கொடுக்கவே கூடாது. மூன்றும் நாய்க்கு நஞ்சு.

இனிச் சொல்வதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். துண்டை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் போட்டு அதைக் கிட்ட இழுக்கப் பார்க்காதீர்கள். அதன் முதுகுக்குப் பின்னால் விழும்படி எறியுங்கள். ஆசையும் பயமும் இரண்டு பக்கம் இழுக்கும்போது, எட்டி வந்து கவ்விய பிராணி உங்கள் கை அவ்வளவு அருகில் இருப்பதைத் திடீரென்று கண்டு மிரளும். பின்னால் போய்ச் சாப்பிட்டால் உணவும் கிடைக்கிறது, நிம்மதியும் கிடைக்கிறது. பிறகு அடுத்த துண்டுக்காகத் தானாகத் திரும்பி வரும். அந்தத் திரும்பி வருதல்தான் நமக்கு வேண்டியது. அதை நாய் தானே முடிவு செய்ய வேண்டும்.

திரும்பி உங்களைப் பார்க்கும் அந்தக் கணத்தில் ‘சரி’ என்று மெல்லச் சொல்லி, உடனே துண்டைப் போடுங்கள். எப்போதும் அதே சொல், அதே குரல். எதற்காகச் சாப்பாடு கிடைத்தது என்பது பிராணிக்கு விளங்க வேண்டுமானால் அந்தச் சொல் செயலோடு ஒட்டி விழ வேண்டும். இரண்டு மூன்று விநாடி பிந்தினால், அதற்குள் அது காதைச் சொறிந்திருக்கும், சொறிந்ததற்குத்தான் ஈரல் என்று எடுத்துக்கொள்ளும். 1940களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதியர் இதற்காகவே ஒரு சிறிய ஓசையைப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் டொல்பின்களைப் பழக்கியவர்கள் விசிலை எடுத்துக்கொண்டார்கள். நீந்தும் பிராணிக்குக் கழுத்தில் கயிறு போட முடியாது, பிரம்பைக் காட்டினால் அது நீருக்குள் போய்விடும். அதன் விருப்பத்தைத் தவிர அவர்களுக்கு வேறு பிடி இருக்கவில்லை. கயிறும் பிரம்பும் கைக்கு எட்டுகிற நமக்குத்தான் அந்த விருப்பம் பெரிதாகத் தெரிவதில்லை.

தொட அனுமதிக்கும் நாள் வந்தால், தலைக்கு மேலே கையைக் கொண்டு போகாதீர்கள். நெஞ்சுப் பக்கத்தில் மூன்று விநாடி சொறிந்துவிட்டுக் கையை எடுங்கள். அது தன் உடலை உங்கள் மேல் சாய்த்தால் தொடருங்கள். முகத்தைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விட்டாலோ, ‘போதும்’ என்று பொருள். அந்தப் ‘போதும்’ ஒவ்வொரு முறையும் மதிக்கப்படுகிறது என்று தெரிந்த நாய்க்கு உறுமத் தேவையே வராது.

எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது. என்னிடம் இருக்கும் கறுப்பி 23ஆம் நாள் மாலை தானாக வந்து என் முழங்காலில் தாடையை வைத்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போகும்வரை நான் அசையவில்லை.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று எழுதவில்லை. போடாவிட்டால் உடனே மிருக வைத்தியர் காரியாலயத்தில் கேளுங்கள். யாரையாவது கடித்துவிட்டால், சிறு கீறலானாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

*

கேள்வி: சாப்பாடு கொடுத்துப் பழக்குவது லஞ்சம் கொடுப்பதாகாதா? சாப்பாடு இல்லாத அன்றைக்கு அது நம் சொல்லைக் கேட்குமா? எங்கள் காலத்தில் பிரம்பைக் கண்டால் நாய் மூலையில் படுத்துவிடும்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹப்புத்தளை

பதில்: ஐயா, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, நிறுவையில் சில கிலோ குறைந்ததால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்த மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. செய்த வேலைக்குப் பேர் போடுவதை யாரும் லஞ்சம் என்று சொன்னதில்லை. துண்டை முதலில் காட்டி ‘இதைத் தருகிறேன், உட்கார்’ என்று கெஞ்சினால் அது லஞ்சம். கையில் துண்டு தெரியாத நாளில் நாய் உட்காராது. உட்கார்ந்த பிறகு மறைவிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அது கூலி. படிக்கும் காலத்தில் ஒவ்வொரு முறையும் கொடுங்கள். பழகிய பிறகு சில முறை ஈரல், சில முறை ஒரு தடவல், சில முறை வெளியே ஓட அனுமதி என்று மாற்றுங்கள். எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காகப் பிராணிகள் நெடுநேரம் முயன்றுகொண்டிருக்கும். ஸ்கின்னரின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்தது இது.

பிரம்பைக் கண்டு மூலையில் படுத்த நாயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஜீப் சத்தம் கேட்டால் மலையில் பேச்சு நின்றுவிடும், குனிந்த தலை நிமிராது. சிறுமியாக இருந்த நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். ஜீப் வளைவில் மறைந்ததும் அம்மா விட்ட மூச்சைப் பக்கத்தில் நின்று கேட்ட நாளில் விளங்கியது. உங்கள் நாய்க்கும் அந்த மூலையில் அப்படித்தான் இருந்திருக்கும்.

*

கேள்வி: தலையீற்றுப் பசு. கன்று போட்டு ஒன்பது நாளாகிறது. மடியில் கை வைத்தால் உதைக்கிறது. பின்னங்கால்களைச் சேர்த்துக் கட்டித்தான் கறக்கிறோம். இரண்டு போத்தலுக்கு மேல் பால் வருவதில்லை.
– வாசகர், நானுஓயா

பதில்: முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். தலையீற்றில் மடி வீங்கி நோவது சாதாரணம். மடி சுட்டாலோ, ஒரு பக்கம் கல்லாக இருந்தாலோ, பாலில் திரி திரியாக வந்தாலோ மடியழற்சியாக இருக்கலாம்; இன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். வலிக்கிற மடியை எந்தப் பயிற்சியாலும் பழக்க முடியாது.

வலி இல்லையென்றால், அது பயம். எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பசு இருந்தது. அப்பா தோட்டத்தில் இராக்காவல் பார்த்தார். அவர் காய்ச்சலில் படுத்த ஒரு வாரம் அண்ணன் கறக்கப் போனான். உதைத்தது, அவன் கம்பால் அடித்துக் காலைக் கட்டினான். ஆறு போத்தல் கொடுத்தது மூன்றாகிவிட்டது. தீவனத்தில் குறையென்று அம்மா புண்ணாக்கைக் கூட்டிப் பார்த்தார், பால் கூடவில்லை. அப்பா எழுந்து வந்த பிறகு முதல் நாள் அவர் கறக்கவே முயலவில்லை. கன்றை ஊட்டவிட்டு, பசுவின் தோளில் கை வைத்து ‘நில்லம்மா, நில்லம்மா’ என்று சொல்லிக்கொண்டே நின்றார். பழைய அளவு திரும்ப இரண்டு வாரத்துக்கு மேலானது.

காரணத்தை நான் பயிற்சிக் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். மடியைக் கழுவித் தேய்க்கும்போது பசுவின் மூளையிலிருந்து ஒக்சிடோசின் சுரந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் காம்புக்கு இறங்குகிறது. அடியும் அதட்டலும் விழுந்தால் அட்ரினலின் வந்து அதைத் தடுத்துவிடும். பசு பாலை அடக்கிக்கொள்கிறது என்கிறோமே, அது வேண்டுமென்று அடக்குவதில்லை. பயந்த உடம்பு பாலை விடுவதில்லை. ஆஸ்திரேலியப் பாற்பண்ணைகளில் போல் ஹெம்ஸ்வர்த் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், மனிதரைக் கண்டு அஞ்சும் பசுக்கள் குறைவாகவே கறக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள்.

நீங்கள் அறியாமல் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. கை வைக்கிறீர்கள், உதைக்கிறது, கையை எடுக்கிறீர்கள். உதைத்தால் கை போய்விடும் என்று அதற்கு நீங்களே கற்றுக்கொடுக்கிறீர்கள். ஆகவே, உதைக்காத இடத்தில் தொடங்குங்கள். நேர் பின்னால் இருப்பது பசுவின் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்திலிருந்து, குரல் கொடுத்துக்கொண்டு போங்கள். தோளில் கை வையுங்கள். அசையாமல் நிற்கும்போது ‘நில்லம்மா’ என்று சொல்லிக் கையை எடுத்து, ஒரு பிடி தவிடு கொடுங்கள். அங்கே நிம்மதியாக நின்றால் மட்டும் முதுகு, பிறகு வயிறு, பிறகு தொடை, கடைசியில் மடி. கை விலகுவது அசையாமல் நின்றதற்காக இருக்க வேண்டும். கறக்கும் நேரம் போக மற்ற நேரத்தில், ஐந்து ஐந்து நிமிடமாக, நாளுக்கு நான்கு தடவை செய்தால் போதும்.

அதுவரை பாலை மடியில் தேங்கவிடவும் முடியாது. கன்றை முதலில் ஊட்டவிடுங்கள், பால் இறங்கும். வீட்டில் ஒருவர் முன்னால் நின்று தவிடு கொடுக்க, மற்றவர் கறக்கட்டும். எப்போதும் அதே இருவர், அதே நேரம். அடுத்த கிடாரிக்குக் கன்று போடுவதற்குச் சில வாரங்கள் முன்பே இந்தத் தொடுதலைத் தொடங்கிவிடுங்கள்.

*

கேள்வி: நாய்க்குட்டிக்கு ஆறு வாரம். இப்போதே தாயிடமிருந்து எடுத்து வரலாமா? ஆறு மாதத்துக்குப் பிறகுதான் பழக்க வேண்டும் என்கிறார்களே?
– மாணவி, பதுளை

பதில்: இன்னும் இரண்டு வாரம் தாயிடம் விடுங்கள், தங்கச்சி. ஆனால் தினமும் போய்ப் பாருங்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ 14ஆவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். குடை, சாக்கு மூட்டை, ஆட்டோச் சத்தம், தாடி வைத்த தாத்தா, கோயில் மேளம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து, ஏதாவது ருசியானதைத் தின்றுகொண்டே அது பார்த்துவிட வேண்டும். ஆறு மாதம் காத்திருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும்.

*

கேள்வி: அங்குசம் இல்லாமல் யானையைப் பழக்க முடியுமா?
– வாசகர், கண்டி

பதில்: நேபாளத்தில், காசநோய்ப் பரிசோதனைக்காகத் தும்பிக்கைக்குள் உப்புநீரை ஏற்று, பிறகு அதைப் பாத்திரத்தில் ஊதிவிட யானைகளுக்கு வெறும் உணவுப் பரிசாலேயே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். 2014இல் அந்த ஆய்வு வெளியானது. நான்கு இளம் யானைகள் முழுமையாகக் கற்றன, வயதில் மூத்த ஒன்று கற்கவில்லை. அவ்வளவு நுட்பமான வேலையை ஒரு யானை அடி இல்லாமல் கற்கும் என்றால், இளம் யானையின் முதல் பாடமே வலியாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

*

கேள்வி: இரவில் சிறுத்தை லயத்துப் பக்கம் வருகிறது. பக்கத்து வீட்டு நாயைக் கொண்டு போய்விட்டது. இருட்டுமுன் எங்கள் நாயைக் கட்டிவைக்கக் கூப்பிட்டால் வருவதே இல்லை. பெயரைச் சொன்னாலே தேயிலைக்குள் ஓடிவிடுகிறது.
– வாசகர், மஸ்கெலியா

பதில்: தம்பி, அந்தப் பெயர் அதற்கு இப்போது கயிறு என்று ஒலிக்கிறது. கூப்பிடுகிறீர்கள், வருகிறது, கட்டுகிறீர்கள்; அன்றைய ஓட்டம் முடிந்துவிட்டது. வந்ததற்குத் தண்டனை. பழைய அழைப்பை விட்டுவிட்டுப் புதிய ஒன்றைத் தொடங்குங்கள்: ஒரு விசில், அல்லது தகர டப்பாவைத் தட்டும் ஓசை. முதலில் நாய் காலடியில் நிற்கும்போதே தட்டி ஈரல் கொடுங்கள். பிறகு இஸ்தோப்பின் (வீட்டு முன் திண்ணையின்) மறுமுனையிலிருந்து, பிறகு முற்றத்திலிருந்து. ஒரு நாளில் பத்துத் தடவை கூப்பிட்டால், ஒன்பது தடவை கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடவிடுங்கள். பத்தாவது தடவைதான் கட்டுவதற்கு.

அது பழகும்வரை, மாலை நான்கு மணிக்கு மேல் நீண்ட கயிற்றோடு மட்டும் வெளியே விடுங்கள். முற்றத்தில் கட்டிய நாயால் சிறுத்தையிடமிருந்து ஓடவும் முடியாது. இரவில் வீட்டுக்குள், கதவை மூடித்தான் படுக்கவைக்க வேண்டும். இராத்திரிச் சாப்பாட்டை உள்ளேயே வையுங்கள். கழுத்தில் கயிற்றை மாட்டியதும், மாட்டிய அந்தக் கையாலேயே அன்றைக்குப் பெரிய துண்டைக் கொடுங்கள்.