பக்கம் மாறினால் குறி மாறுமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் நன்றாக மதிப்பெண் எடுப்பவள்தான். ஆனால் அறிவியலில் வி = யு + ஏடி (வி இறுதித் திசைவேகம், யு தொடக்கத் திசைவேகம், ஏ முடுக்கம்) என்ற சூத்திரத்தைக் கொடுத்து, நேரத்தை, அதாவது 'டி'யைக் கண்டுபிடிக்கச் சொன்னால் டி = வி – யு – ஏ என்று எழுதுகிறாள். கேட்டால், "பக்கம் மாறினா குறி மாறும்னுதானே சொல்லிக் கொடுத்தாங்க" என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள். கோளாறு அந்த வாசகத்தில் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வாசகத்தைக் கரும்பலகையில் எழுதவே கூடாது.

எந்த எழுத்தும் தானாக நடந்து அந்தப் பக்கம் போவதில்லை. 'யு' நமக்கு வேண்டாம் என்றால் இரண்டு பக்கத்திலும் யு-வைக் கழிக்கிறோம். வி – யு = ஏடி என்று வருகிறது. இங்கே நிறுத்தி அவளிடம் கேளுங்கள்: "இந்த 'ஏ' பக்கத்தில் இருக்கிற 'டி'யோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது? கூட்டலா, பெருக்கலா?" நடுவில் குறியே அச்சாகாததால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். கொஞ்ச நாளைக்கு ஏ × டி என்று குறி போட்டே எழுதட்டும். பெருக்கல் என்று கண்ணில் பட்டுவிட்டால், இரண்டு பக்கத்தையும் ஏ-யால் வகுக்க வேண்டும் என்பது தானே வரும். டி = (வி – யு) ÷ ஏ.

அப்புறம் எண்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கத் திசைவேகம் 5, முடுக்கம் 2, நேரம் 3 என்றால் இறுதித் திசைவேகம் 5 + 6 = 11. இப்போது திரும்பி வரட்டும். அவள் எழுதியபடி 11 – 5 – 2 = 4. சரியான முறையில் (11 – 5) ÷ 2 = 3. நாம் வைத்த நேரம் 3 என்பது அவளுக்கே தெரியும், நீங்கள் தப்பு என்று சொல்லவே வேண்டாம். இன்னொன்று, திசைவேகத்திலிருந்து முடுக்கத்தைக் கழிக்கவே முடியாது. இரண்டுக்கும் அலகு வேறு.

எதை முதலில் நீக்குவது என்பதிலும் குழப்பம் வரும். பொட்டலம் கட்டும்போது முதலில் காகிதம், அதன்மேல் நூல். பிரிக்கும்போது நூலைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். ஃபாரன்ஹீட் = 9/5 × செல்சியஸ் + 32 என்பதில் கடைசியாகச் சேர்ந்தது 32. எனவே முதலில் 32-ஐக் கழித்து, பிறகு வந்த முழுவதையும் 5/9-ஆல் பெருக்க வேண்டும். தண்ணீர் கொதிப்பது 212 ஃபாரன்ஹீட்டில். கழித்ததைச் சுற்றி அடைப்புக்குறி போடாமல் 5/9 × 212 – 32 என்று போட்டால் தண்ணீர் கிட்டத்தட்ட 86 டிகிரியிலேயே கொதித்துவிடும்! 5/9 × (212 – 32) என்று போட்டால் 100 வரும்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறேன். தனிவட்டியில் வட்டி, அசல், வீதம், ஆண்டு என்று நான்குக்கும் நான்கு சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டாம் தம்பி. வட்டி × 100 = அசல் × ஆண்டு × வீதம். இந்த ஒரு வரி போதும். எது வேண்டுமோ அதை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் அதோடு பெருக்கியிருக்கும் மற்றவற்றால் இரண்டு பக்கத்தையும் வகுத்துவிடுங்கள்.

உங்களை மாட்டிவிடப்போவது வேறு கணக்கு. வட்டியும் அசலும் சேர்ந்த மொத்தத் தொகையைக் கொடுத்து அசலைக் கேட்பார்கள். தொகை = அசல் + அசல் × ஆண்டு × வீதம் ÷ 100. இதில் அசல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்றை மட்டும் தனியே பிரித்தால் மற்றது எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கும், விடை வராது. அசலைப் பொதுவாக வெளியே எடுங்கள்: தொகை = அசல் × (1 + ஆண்டு × வீதம் ÷ 100). 10 சதவீத வட்டியில் 2 ஆண்டில் 6,000 ரூபாய் ஆனது என்றால் அடைப்புக்குள் 1.2 வருகிறது. 6,000-ஐ அதால் வகுத்தால் அசல் 5,000. வட்டி 1,000, சரியாக இருக்கிறதா என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் 'பொதுவாக வெளியே எடுப்பது' எட்டாம் வகுப்புப் பாடம்தானே என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், தினம் இரண்டு கணக்கு போடுங்கள்.

கேள்வி: வட்டத்தின் பரப்பு தெரிந்தால் ஆரம் கண்டுபிடிக்கும்போது வர்க்கமூலம் எப்போது எடுக்க வேண்டும், டீச்சர்?
– பத்தாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

பதில்: கடைசியில்தான் கண்ணு. பரப்பில் ஆரத்தை முதலில் வர்க்கம் ஆக்கிவிட்டு அப்புறம்தான் பையால் பெருக்கினோம். அதனால் முதலில் பையால் வகு, பிறகு மூலம் எடு. பரப்பு 154, பை 22/7 என்று வைத்துக்கொண்டால் 154 × 7 ÷ 22 = 49. ஆரம் 7.