பிரசவ வலியின்போது கேட்க எது நல்லது: பிடித்த பாடல்களா, ஆம்பியன்ட் இசையா?

எட்டாம் மாதம் நடக்கிறது, லேபர் வார்டில் இசை கேட்க டாக்டரம்மா சம்மதித்துவிட்டார், எதைக் கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் பாடல்கள் வேண்டாம். ஆம்பியன்ட் என்றால் பின்னணியில் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும் இசை. அந்த மாதிரி, தாளமும் வார்த்தையும் இல்லாத, ஒரு மணி நேரம் ஓடினாலும் எங்கே தொடங்கியது என்று தெரியாத ஓர் ஒலியை எடுத்துப் போங்கள். என் பிரசவத்தில் எனக்கு அது தம்புரா.

பாடல்கள் ஏன் வேண்டாம் என்றால், என் அக்காவின் பிரசவத்தில் பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறேன். அவளுக்கு உயிரான இளையராஜா பாடல்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து வைத்திருந்தாள். வலி விட்டுவிட்டு வந்த வரைக்கும் சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலி நெருங்கி வர ஆரம்பித்ததும், "முதல்ல அத நிறுத்துடி" என்றாள். அந்தப் பாடல்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாட்டு என்றால் பல்லவி முடிந்து சரணம் வரும், மனம் அதன் பின்னாலேயே போகும், நாலைந்து நிமிடத்தில் அது முடிந்து அடுத்தது வேறு தாளத்தில் தொடங்கும். வலிக்கோ தனி நடை. மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், ஒரு நிமிடம் போலப் பிடித்து இறங்கும். பிரசவம் நெருங்க நெருங்க இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வரும். இரண்டும் ஒரே நேரத்தில் உடம்பைப் பிடித்து இழுத்தால் எரிச்சல்தான் வரும்.

ஆம்பியன்ட் இசை இந்த இடத்துக்குப் பொருந்துவது தற்செயல் இல்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த இசையமைப்பாளர் பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்கென்றே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். காது கொடுத்தால் கேட்பதற்கு விஷயம் இருக்க வேண்டும், கொடுக்காவிட்டால் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுதான் ஆம்பியன்ட் இசைக்கு அவர் வகுத்த இலக்கணம். அவருடைய 'நெரோலி' 1993-இல் வந்தது. ஏறக்குறைய 58 நிமிடத்துக்கு ஒரே படைப்பு. ஒற்றைச் சுரங்கள், நிறைய இடைவெளி விட்டு, அவசரமே இல்லாமல் விழும். சில மருத்துவமனைகளின் பிரசவப் பிரிவுகளில் அதை ஒலிக்க விட்டிருக்கிறார்கள். இன்னொரு விஷயம், அது அமைந்திருக்கும் பிரிஜியன் என்ற மேற்கத்திய சுர வரிசையின் சுரங்கள் நம் தோடி ராகத்தின் சுரங்களேதான். சுரங்களை அசைத்து இசைக்கும் கமகம் இல்லாததால் கேட்கும்போது தோடி மாதிரி இருக்காது. ஆனாலும் கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்நியமாகவும் தோன்றாது. முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், மனதுக்கு ஒத்துவந்தால் அதுவே போதும்.

எனக்கு அதைவிடத் தம்புரா பொருந்தியது. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கே தந்திகள். ஒன்றின் நாதம் அடங்குவதற்குள் அடுத்தது எழுந்துவிடும். கேட்பவருக்கு அது எங்கும் போவதில்லை, எதையும் எதிர்பார்க்க வைப்பதில்லை. கைபேசியில் தம்புரா நாதத்தைத் தரும் சுருதிப் பெட்டி செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெண்கள் வழக்கமாகப் பாடும் 5 கட்டைச் சுருதியில் வைத்திருந்தேன்.

வலி ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தை இறுக்குவதுதான் தானாக வருவது. கூட இருந்த சிஸ்டர், "கத்தி மூச்சை வீணாக்காதம்மா, தாடையை லூசா விட்டு அடித்தொண்டையில முனகு" என்றார். முனகினேன். சில வலிகள் கடந்த பிறகுதான் கவனித்தேன், என் முனகல் தம்புராவின் ஆதார சுரமான சட்ஜத்தில் போய் உட்கார்ந்திருந்தது. நானாகச் சேர்க்கவில்லை. சின்ன வயதில் பாட்டு கிளாஸில் சுருதி சேர்த்துப் பழகிய காது, அதுவாகவே சேர்த்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு வலி கிளம்பும்போதும் குரலுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. வலி துளியும் குறையவில்லை. எதைப் பிடித்துக்கொள்வது என்ற தவிப்பு மட்டும் போயிருந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தக் கட்டிலில் படுத்தவர்களுக்குத் தெரியும்.

இசையால் அவ்வளவுதான் முடியும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பயந்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும், அது கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோனுக்குத் தடையாக நிற்கும். அதனால் மனம் அமைதியாக இருப்பது உடம்புக்கும் நல்லது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில், வலி தணிக்க ஏதாவது வேண்டும் என்று கேட்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கு மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வோடு இசையும் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த ராகம் கேட்டால் சுகப்பிரசவம், அந்த ராகம் கேட்டால் சிசேரியன் தவிரும் என்று விற்கிறார்களே, அதை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு பெண்ணுக்கு சிசேரியன் ஆவது அவள் சரியான ராகம் கேட்காததால் என்று ஆகிவிடும். அதைவிடக் கொடுமையான பேச்சு கிடையாது. வலி தாங்கவில்லை என்றால் எபிடியூரல், அதாவது முதுகில் போடும் வலி நீக்க ஊசி, கேளுங்கள். இசையும் அதுவும் சேர்ந்தே இருக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். தினமும் இரவு படுத்ததும் அதையே போட்டு, மூச்சை நீளமாக விட்டுப் பழகுங்கள். வலி வந்த பிறகு முதன்முறையாகக் கேட்கும் ஒலிக்கு உடம்பு இணங்காது. யூடியூபை நம்பிப் போகாதீர்கள், உச்சி வலியில் நகைக்கடை விளம்பரம் வந்து அலறும். பதிவிறக்கி, சிம் இல்லாத பழைய போனில் போட்டுக்கொள்ளுங்கள், சொந்தக்காரர்கள் அழைத்து இசையை அறுக்க மாட்டார்கள். லேபர் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பெண் இருந்தால் ஸ்பீக்கர் வேண்டாம். ஒரு காதில் மட்டும் இயர்போன், மறு காது சிஸ்டருக்கு. சத்தம், பேசுகிற குரலுக்குக் கீழேயே இருக்கட்டும். குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் ஒலிதான் அங்கே முக்கியம், அது அமுங்கவே கூடாது.

போனைத் தொடும் பொறுப்பைத் துணைக்கு வருபவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். "நிறுத்து" என்றால் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும் என்று சொல்லி வையுங்கள். முக்கச் சொல்லும் கட்டம் வந்ததும், நீங்கள் சொல்லாவிட்டாலும் அணைத்துவிடட்டும். அப்போது உங்கள் காதுக்கு டாக்டரின் குரல் மட்டும் போதும்.