ஃபயர்வயர் கார்டும் எடிட்டிங் மென்பொருளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குடும்பத் திருமணங்கள், காதுகுத்து, கோயில் திருவிழா என 2003 முதல் 2010 வரை எடுத்த மினி டிவி (MiniDV) கேசட்டுகள் என்னிடம் அறுபது இருக்கின்றன. பழைய கணினி பழுதாகிவிட்டதால், விண்டோஸ் 10 உள்ள கணினியில், கேமராவை இணைப்பதற்கான ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் புதிதாகப் பொருத்தினேன். விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் கார்டு தெரிகிறது. ஆனால் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் கேமரா வரவே இல்லை. இந்தக் கார்டு அந்த மென்பொருளுக்கு ஒத்துவராது, விலை கூடிய வேறு கார்டு வேண்டும் என்கிறார் கடைக்காரர். எந்தக் கார்டை வாங்குவது? — வாசகர், கும்பகோணம்

பதில்: தயவுசெய்து இப்போதைக்கு எந்தக் கார்டையும் வாங்காதீர்கள். டாவின்சி ரிசால்வ் மிக நல்ல எடிட்டிங் மென்பொருள்தான்; ஆனால் ஃபயர்வயர் வழியாக மினி டிவி கேமராவிலிருந்து காட்சியை இறக்கும் வசதி அதில் கிடையாது. ஆகவே எவ்வளவு விலை கொடுத்து எந்தக் கார்டை வாங்கினாலும் உங்கள் கேமரா அதில் தெரியப்போவதில்லை.

கார்டு எடிட்டிங் மென்பொருளோடு நேரடியாகப் பேசுவதில்லை. கார்டில் உள்ள சிப்போடு பேசுவது விண்டோஸின் டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் சிறு நிரல். அந்த டிரைவரிடம் கேட்டு வாங்குவதுதான் மென்பொருளின் வேலை. ஐஇஇஇ 1394 என்ற பெயரில் 1995-இல் தரப்படுத்தப்பட்ட இந்த இணைப்பை ஆப்பிள் ஃபயர்வயர் என்றும், சோனி ஐ.லிங்க் என்றும் அழைத்தன. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றே. கார்டின் பெட்டியில் ‘ஓஎச்சிஐ’ (OHCI) என்று போட்டிருந்தால், அது பொதுவான டிரைவரிலேயே இயங்கும் கார்டு என்று பொருள். சாதாரண 1394 கார்டுகள் ஏறக்குறைய அனைத்தும் இந்த வகைதான். முன்பு ஸ்டுடியோக்களில் இருந்த மேட்ராக்ஸ், கனோபஸ் எடிட்டிங் கார்டுகளின் கதை வேறு: அவை தமக்கென்று தனி டிரைவரும் குறிப்பிட்ட மென்பொருளும் வேண்டுபவை. கடைக்காரர் அந்தக் காலத்து நினைவில் சொல்லியிருக்கக்கூடும்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். மினி டிவி கேசட்டில் காட்சி ஏற்கெனவே டிஜிட்டலாகவே பதிவாகியிருக்கிறது. கார்டு அதை மாற்றுவதோ மெருகேற்றுவதோ இல்லை. இருப்பதை அப்படியே கடத்துகிறது. டிவி (DV) வீடியோவின் ஓட்டம் நொடிக்கு 25 மெகாபிட். மிகச் சாதாரணக் கார்டின் திறனோ நொடிக்கு 400 மெகாபிட். எனவே 800 மெகாபிட் கார்டு வாங்கினால் படம் தெளிவாகும் என்பதும், வேகமாக இறங்கும் என்பதும் உண்மையல்ல. கேமரா கேசட்டை அதன் இயல்பான வேகத்தில்தான் ஓட்டும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும்.

ஆகவே இறக்குவதையும் எடிட் செய்வதையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இறக்குவதற்கு வின்டிவி (WinDV) என்ற சிறிய இலவச மென்பொருள் போதும். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாதது என்றாலும், இந்த ஒரு வேலைக்கு நான் இன்றும் அதைத்தான் நம்புகிறேன். அதன் அமைப்பில் ஏவிஐ (AVI) கோப்புக்கு வகை 1, வகை 2 என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். வகை 1-இல் ஒலியும் ஒளியும் ஒரே ஓட்டமாகப் பின்னிக் கிடக்கும். வகை 2-இல் ஒலி தனி ஓட்டமாகவும் எழுதப்படும். கோப்பைத் திறந்தால் படம் வருகிறது, ஒலி வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் வகை 1 தான் காரணமாக இருக்கிறது. வகை 2-ஐயே தேர்ந்தெடுங்கள்.

வின்டிவியிலும் கேமரா தெரியாவிட்டால், முதலில் கேமரா ‘ப்ளே’ அல்லது ‘விசிஆர்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது டிரைவர். விண்டோஸ் 7-இல் 1394 டிரைவரை மைக்ரோசாஃப்ட் புதிதாக எழுதியது. பழையதையும் ‘லெகஸி’ என்ற பெயரில் உடன் வைத்திருந்தது. விண்டோஸ் 8-இலிருந்து அந்தப் பழைய டிரைவர் உடன் வருவதில்லை. தனித் தொகுப்பாக வெளியிடப்பட்டது. அதை நிறுவினால் மட்டும் போதாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர்மீது வலது கிளிக் செய்து, டிரைவரைப் புதுப்பிக்கும் இடத்தில், கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் சென்று, பெயரின் கடைசியில் ‘லெகஸி’ என்று முடியும் வரியை நீங்களே சொடுக்க வேண்டும். அதன்பின் கணினியை மறுபடி தொடங்கிக் கேமராவை இணைத்தால், அது தனிச் சாதனமாகப் பட்டியலில் வந்து நிற்கும்.

அதற்கும் மசியாவிட்டால்தான் கார்டைச் சந்தேகிக்க வேண்டும். கணினியை அணைத்துக் கார்டைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் நடுவில் உள்ள பெரிய கறுப்புச் சிப்பைச் சாய்த்துப் பாருங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனச் சிப் என்றால், அந்த அமெரிக்க மாநிலத்தின் வரைபட உருவம் சின்னமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். விஐஏ (VIA) நிறுவனச் சிப் உள்ள கார்டுகளும் பலருக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டெக்சாஸ் சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள் என்பதே என் கருத்து. ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று மலிவாகக் கிடைக்கும் ஒட்டுக் கேபிளை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு மொழி பேசுபவை. கம்பியை மாற்றிக் கோப்பதால் மொழி மாறிவிடாது.

மிக முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். கார்டில் உள்ள ஆறு முனை போர்ட்டில் மின்சாரமும் வருகிறது. அதன் பிளக் ஒரு பக்கம் மழுங்கிய வடிவத்தில் இருந்தாலும், போர்ட்டின் தகரம் தளர்ந்திருந்தால் தலைகீழாகவும் உள்ளே போய்விடும். அப்படிப் போன ஒரே நொடியில் என்னுடைய முதல் கேமராவின் டிவி போர்ட் செத்துப்போனது. கேமரா மற்ற எல்லா வகையிலும் நன்றாக இருந்தும், கேசட்டுகளைக் கணினியில் இறக்க அது பயன்படவே இல்லை. இன்று அத்தகைய கேமராவைப் பழுது பார்க்க உதிரி பாகம் கிடைப்பது மிகவும் கடினம் என்பதால், கேமராவையும் கணினியையும் அணைத்த பிறகே கேபிளைச் செருகுங்கள்.

ஒரு மணி நேரக் காட்சிக்கு டிஸ்க்கில் ஏறக்குறைய 13 ஜிபி ஆகும். அறுபது கேசட்டுக்கு 780 ஜிபி அளவுக்கு இடம் வேண்டும். எஃப்ஏடி 32 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுத முடியாது; என்டிஎஃப்எஸ் முறையே சரி. கேமரா அனுப்பும் ஓட்டம் யாருக்காகவும் நிற்காது. தவறிய ஃபிரேமை மறுபடி அனுப்பாது. எனவே இறக்கும்போது வேறு வேலை எதையும் கணினியில் செய்யாதீர்கள். விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையை வின்டிவி காட்டும்; அது பூஜ்யமாக இருக்கும்வரை கவலையில்லை.

கேள்வி: என் கேமராவில் டிவி கேசட் சரியாக இறங்குகிறது, உயர்தெளிவு முறையான எச்டிவியில் (HDV) எடுத்த கேசட் மட்டும் வின்டிவியில் வரவில்லை. கார்டு எச்டிக்கு ஏற்றதில்லையா? — வாசகி, திருநெல்வேலி

பதில்: கார்டில் குறை இல்லை. 1080 வகை எச்டிவியும் அதே 25 மெகாபிட் ஓட்டம்தான். ஆனால் உள்ளே இருப்பது எம்பெக் 2 வகைச் சுருக்கம். வின்டிவிக்கு அது தெரியாது. எச்டிவிஸ்ப்ளிட் (HDVSplit) போன்ற மென்பொருள் வேண்டும். கேமராவின் மெனுவில் ஐ.லிங்க் மாற்றம் என்ற அமைப்பு அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; அது இயங்கினால் எச்டிவி காட்சியைக் கேமராவே டிவியாகக் குறைத்து அனுப்பிவிடும். ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளைக் கொண்ட இரண்டு புலங்களாகப் பதிவாகிறது. எடிட் செய்யும்போது, நம் பால் (PAL) முறை டிவி காட்சிக்குக் கீழ்ப்புலம் முதலிலும், 1080 எச்டிவிக்கு மேற்புலம் முதலிலும் வரும் என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரே டைம்லைனில் கலக்கும்போது இது மாறிப்போனால், அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்லைப் போல் நடுங்கும்.

கேள்வி: மேக் கணினியில் இதெல்லாம் முடியுமா? — வாசகர், கோலாலம்பூர்

பதில்: முடியும்; ஆனால் தாமதிக்காதீர்கள். மேக்கின் அதிவேக இணைப்பான தண்டர்போல்ட் 3-இலிருந்து தண்டர்போல்ட் 2-க்கு ஓர் அடாப்டர், அதிலிருந்து ஃபயர்வயருக்கு இன்னோர் அடாப்டர், கடைசியில் ஒன்பது முனையிலிருந்து நான்கு முனைக்குச் செல்லும் கேபிள் என மூன்றையும் கோத்தால், சிகோயா வரையிலான மேக்ஓஎஸ்ஸில் கேமரா தெரியும். 2025-இல் வந்த டஹோ பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவையே ஆப்பிள் நீக்கிவிட்டது. ஆகவே கேசட்டுகள் அனைத்தையும் இறக்கி முடிக்கும்வரை அந்த மேக்கை டஹோவுக்கு மாற்றாமல் வைத்திருங்கள்.