ரீலோடிங்குக்குப் பித்தளைக் கேஸ்களைச் சுத்தம் செய்ய எந்த இயந்திரம் வாங்கலாம்?

கேட்டவர் கோத்தகிரிக்காரர், இப்போது டெக்சாஸில் இருக்கிறார். துப்பாக்கியில் சுட்டு முடித்த தோட்டாக்களின் காலிக் கூடுகளை, அதாவது கேஸ்களை, சுத்தம் செய்து மறுபடி மருந்து நிரப்பப் போகிறாராம். அதுதான் ரீலோடிங். தூளோடு சேர்த்து அதிரவிடும் வைப்ரேட்டர், ஊசி போட்டுச் சுற்றும் ஈர டம்ளர், திரவத்தில் ஒலியதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக், இந்த மூன்றில் எது என்று கேட்கிறார்.

நான் குன்னூரில் பித்தளைச் சாமான்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறை வைத்திருக்கிறேன். அருவங்காடு கார்டைட் ஃபாக்டரி பக்கத்தில்தான் என்றாலும் வெடிமருந்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பித்தளை விஷயம் என் அனுபவம். ரீலோடிங் விஷயம் அமெரிக்காவில் அதைச் செய்யும் என் மச்சான் சொன்னது.

முதல் இயந்திரம் என்றால் வைப்ரேட்டரே போதும். வால்நட் ஓட்டுத் தூள் கரியை நன்றாக எடுக்கும், மக்காச்சோளச் சக்கைத் தூள் பளபளப்பு தரும். இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு, சல்லடையில் சலித்தால் வேலை முடிந்தது. காய வைக்கும் பாடே கிடையாது. கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் இருந்த குழி அவ்வளவு சுத்தமாகாது என்பது உண்மைதான், ஆனால் சாதாரணப் பயிற்சிக்கு அது ஒரு குறையே இல்லை. பிரைமரைக் கழற்றிவிட்டு ஓட்டினால், அடியில் உள்ள சிறு துளையில் தூள் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஈர டம்ளரில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஊசிகள். உள்ளும் புறமும் புதுசு போல வரும். ஆசைப்பட்டு ரொம்ப நேரம் ஓட்டினால் கேஸ்கள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பு மழுங்கிவிடும். அமிலம் கூடினால் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே நின்று இளஞ்சிவப்பாகத் தெரியும். புளியில் ஊறவிட்டு மறந்த குத்துவிளக்கில் பார்த்திருப்பீர்களே, அதே நிறம். பிறகு ஊசிகளைப் பொறுக்க வேண்டும், காய வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் குன்னூரில் துணியே காய்வதில்லை, டெக்சாஸ் வெயிலில் உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது. அவசரத்துக்கு அடுப்பில் கடும் சூட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பித்தளை இளகிப் போனால் அந்தக் கேஸை நம்பி நிரப்ப முடியாது.

அல்ட்ராசோனிக் உள்பக்க அழுக்கை எடுக்கும், பளபளப்பு தராது, ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் போடலாம். துப்பாக்கி உதிரிப் பாகங்களுக்கும் வேண்டுமென்றால் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் அம்மோனியா கலந்த பாலிஷைத் தொடாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலம் முழுக்கக் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், வெளியே எடுத்தால் விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், தயாரிக்கும்போதே பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921-ல்தான் விளக்கம் கிடைத்தது. என் பட்டறையிலும் மூக்கைத் துளைக்கும் பாலிஷ் எதையும் வளைத்து அடித்த பித்தளைமேல் போடுவதில்லை.

பிரைமர் கரியில் ஈயம் இருக்கும். வைப்ரேட்டரை மூடி போட்டு, வீட்டுக்கு வெளியே ஓட்டுங்கள். சலிக்கும்போது மாஸ்க் போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். அப்புறம், லீவுக்கு ஊருக்கு வரும்போது பையில் ஒரு காலிக் கேஸ்கூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் மாட்டினால் விளக்கம் சொல்லியே லீவு தீர்ந்துவிடும்.